"இடம் இன்னும் கையில்தான் இருக்கிறது" என்று என்னிடம் சொல்லாதீர்கள்

2025 செப்டம்பர் 14, ஞாயிறு இரவு.

எட்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற பிறகு எங்கள் பேஸ்பால் அணி நியூயார்க் மெட்ஸ் இன்று பிற்பகல் ஒரு வழியாக ஜெயித்துவிட்டது. பத்தாவது இன்னிங்ஸில் பீட் அலோன்சோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன் (பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது), டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 5-2. வானொலியைக் கேட்டுக்கொண்டே சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகியதுகூடத் தெரியவில்லை, கரண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்குள் தொலைபேசியில் செய்திகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றில் ஒரே வரிதான்: "கவலை விடு அக்கா, இடம் இன்னும் கையில்தான் இருக்கிறது."

இந்த அணியைக் கெடுத்ததே இந்த வரிதான். மூன்று மாதமாக மனதில் அடக்கி வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்கிறேன். ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். நேஷனல் லீக்கில் பதினைந்து அணிகள், அவற்றில் ஆறுதான் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குப் போகும். மூன்று பிரிவுகளிலும் முதலிடம் பிடிப்பவை மூன்று, மீதமுள்ளவற்றில் அதிக வெற்றி பெற்றவை மூன்று. பின்னால் சொன்ன இந்த மூன்று இடங்களுக்குத்தான் வைல்ட்கார்டு என்று பெயர். அதில் கடைசி இடத்தில் மெட்ஸ் இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறது. 77 வெற்றி, 73 தோல்வி. இன்னும் 12 ஆட்டங்கள். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் மூன்றும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகின்றன.

ஜூன் 12 அன்று இதே அணி 45 வெற்றி, 24 தோல்வி என்று நின்றது. மேஜர் லீக்கின் முப்பது அணிகளிலும் அதுதான் முதலிடம். எங்கள் பிரிவில் பிலடெல்பியாவை விட ஐந்தரை ஆட்டங்கள் முன்னால் இருந்தோம். இன்று பிரிவின் முதலிடம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

அந்த ஜூன் 12 மாலையை நான் மறக்கப் போவதில்லை. கோடாய் செங்கா பந்து வீசிக்கொண்டிருந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன்கூடக் கொடுக்காமல் அந்த சீசனை நடத்திக்கொண்டிருந்த மனிதர். பந்து அலோன்சோ பக்கம் உருண்டது, செங்கா முதல் பேஸைக் காக்க ஓடினார். அலோன்சோ எறிந்த பந்து சற்று உயரமாக வந்தது. துள்ளிப் பிடித்தவர் இறங்கியதும் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அன்றைய ஆட்டத்தை வென்றோம். அதனால் அந்த ஒரு துள்ளலின் விலை அன்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாளே தொடர் தோல்வி ஆரம்பித்தது, ஏழு ஆட்டங்கள். செங்கா ஜூலையில் திரும்பி வந்தார், ஆனால் அந்தப் பழைய செங்கா வரவில்லை. இந்த மாதம் அவரைக் கீழ்நிலை அணியான சிரக்யூஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 13 முதல் இன்று வரையிலான கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 32 வெற்றி, 49 தோல்வி. கூட்டினால் 81 ஆட்டங்கள், சரியாக அரை சீசன். இதை "சறுக்கல்" என்று சொல்லக் கூடாது. சறுக்கல் என்றால் இரண்டு வாரம், மூன்று வாரம். அரை சீசன் முழுக்க ஒருவர் ஒரு மாதிரி ஆடினால் அவர் அப்படித்தான் ஆடுகிறவர் என்று அர்த்தம். ஜூனில் ஏழு, ஆகஸ்டில் ஏழு, செப்டம்பரில் எட்டு என்று மூன்று முறை வரிசையாகத் தோற்றிருக்கிறோம். ஜூலை 28 தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரே ஒரு வெற்றி.

இத்தனைக்கும் நடுவில் எந்த நாள் புள்ளிப்பட்டியலைத் திறந்தாலும் மெட்ஸ் உள்ளேதான் இருந்தது. அதுதான் எங்களைப் பிடித்த சனி. ஓட்டை விழுந்த குடத்தை எட்டிப் பார்த்து "தண்ணீர் இன்னும் இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ரசிகர்கள் நாங்கள் சொன்னோம், அது போகட்டும். அணியை நடத்துகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது என் வருத்தம்.

ஜூலை 31 வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் கடைசி நாள். அதற்குள் பிட்சர் (பந்து வீசுபவர்) கிரிஃபின் கேனிங் குதிகால் தசைநாண் அறுந்து சீசனை விட்டே போய்விட்டார். டேவிட் பீட்டர்சனைத் தவிர, ஆட்டத்தைத் தொடங்கி வீசும் தொடக்க பிட்சர்களில் ஒருவர் ஆறு இன்னிங்ஸ் முழுதாக வீசுவதே அரிதாகிவிட்டது. அவர்கள் நாலாவது, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறங்கினால் மீதி வேலை ரிலீஃப் பிட்சர்கள் தலையில். ஒவ்வொரு நாளும் அவர்களையே கூப்பிட்டால் அவர்கள் தோள் என்ன இரும்பா? அப்படியிருக்க, அணி நிர்வாகத்தின் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ் அந்த நாளுக்குள் கொண்டு வந்தது டைலர் ராஜர்ஸ், ரையன் ஹெல்ஸ்லி, கிரிகரி சோட்டோ என்று மூன்று ரிலீஃப் பிட்சர்கள், கூடவே வெளிக்கள வீரர் செட்ரிக் மலின்ஸ். தொடக்க பிட்சர் ஒருவர்கூட இல்லை. அடுப்பில் வைக்க அரிசி இல்லாத வீட்டுக்கு நாலு விதமான ஊறுகாய் வாங்கி வந்த மாதிரி. முதலிடத்துக்குப் போட்டியிடும் அணி என்ற நினைப்பில் எடுத்த முடிவு அது. கடைசி இடத்தில் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போன வருடத்தை நினைத்துப் பாருங்கள். 2024 மே 29 அன்று 22 வெற்றி, 33 தோல்வி. டாட்ஜர்ஸிடம் மண்ணைக் கவ்வி, ஒரு பிட்சர் தன் கையுறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்த நாள். அன்று எந்தப் பட்டியலும் அந்த அணிக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஃப்ரான்சிஸ்கோ லிண்டோர் வீரர்களை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். ஒளிய இடம் இல்லாதவர்கள் முகத்துக்கு நேராகப் பேசித்தானே ஆக வேண்டும்! அதே அணிதான் செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோரின் ஹோம் ரன்னால் 8-7 என்று வென்று பிளேஆஃபுக்குள் நுழைந்தது. மூன்று நாள் கழித்து மில்வாக்கியில், தோல்விக்கு இரண்டு அவுட் தூரத்தில், அலோன்சோ அடித்த அந்த ஹோம் ரன். அன்று எங்கள் மாடியில் குடியிருப்பவர் கதவைத் தட்டி "எல்லாம் நலமா?" என்று கேட்டார், அவ்வளவு கத்தியிருக்கிறோம்.

இந்த வருடம் அப்படி ஒரு மே 29 நமக்கு வரவே இல்லை. வியாழக்கிழமை பிலடெல்பியாவில் முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ரன் எடுத்தோம். அதற்குப் பிறகு அவர்கள் பிட்சர் ஹேசுஸ் லுஸார்டோ வரிசையாக 22 பேரை அவுட்டாக்கினார். இருபத்திரண்டு பேர்! ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. 6-4 என்று தோற்றோம். இந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடியும்போது பின்தங்கியிருந்த ஆட்டம் ஒன்றைக்கூட மெட்ஸ் வெல்லவில்லை. போன வருடம் இவர்களுக்கு வெல்லத் தெரிந்ததே அப்படிப்பட்ட ஆட்டங்களைத்தான்.

வெள்ளிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டுக்குப் போனேன். எங்கள் பழைய பிட்சர் ஜேக்கப் டிகிராம் எதிரணிச் சீருடையில் முதன்முறையாக அந்த மைதானத்தில் பந்து வீச வந்த இரவு. அவரை நாங்கள் எழுந்து நின்று வரவேற்றோம். நம் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போனாலும் நம் பிள்ளைதானே. நம் பக்கம் ஜோனா டாங், 22 வயது, பெரிய லீக்குக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. மகளுக்குப் பதின்மூன்று வயது, ஆட்டத்தைப் பென்சிலால் நோட்டில் எழுதுவாள். ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சின்ன சதுரம், ஓடிய பேஸுக்குத் தக்கபடி கோடு. முதல் இன்னிங்ஸிலேயே ரேஞ்சர்ஸ் பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒன்பது கட்டங்களும் நிறைந்துவிட்டன. ஆறு ரன். மூன்றாவது அவுட்டை எடுப்பதற்குள் அந்தப் பையனை வெளியே அழைத்துக்கொண்டார்கள். "அம்மா, இவருக்கு என்ன எழுதுவது?" என்று கேட்டாள். பந்து வீசிய இன்னிங்ஸ் என்ற இடத்தில் மூன்றில் இரண்டு என்று எழுதச் சொன்னேன். சின்ன எழுத்தில் எழுதினாள், பென்சிலை அழுத்தாமல்.

அந்தப் பையன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஏப்ரலில் சின்ன ஊர்களில் வீசிக்கொண்டிருந்த பிள்ளையிடம் செப்டம்பரில் ஒரு பெரிய அணியின் விதியையே தூக்கிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். அவரைப் போலவே வந்த நோலன் மெக்லேன் வீசத் தொடங்கிய முதல் நான்கு ஆட்டங்களையும் வென்று காட்டியிருக்கிறார். இந்தப் பிள்ளைகளை ஜூலையிலேயே கொண்டு வந்திருக்கலாமே என்று என் மகள் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

8-3 என்று தோற்று வெளியே வந்தோம். பழைய ஷே மைதானம் இருந்த இடம் இப்போது வாகன நிறுத்துமிடம். ஹோம் பிளேட்டும் பேஸ்களும் இருந்த இடங்களைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். மகள் போய் அந்த ஹோம் பிளேட் மேல் நின்றாள். நான் இந்த ஊருக்கு வந்தது 2007 கோடையில். அந்த செப்டம்பரில் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்டம் முன்னிலை. கடைசி நாள் மயாமி மார்லின்ஸிடம் (அப்போது ஃப்ளோரிடா மார்லின்ஸ்) தோற்று வெளியேறினோம். 2008-ல் ஷேயில் நடந்த கடைசி ஆட்டம், மறுபடி மார்லின்ஸ், மறுபடி தோல்வி. அன்று நான் மேல் தட்டில் உட்கார்ந்து, மூடப்போகும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருடக் கடைசி மூன்று ஆட்டங்கள் யாருடன் என்று கேட்காதீர்கள். மயாமியில், மார்லின்ஸுடன்.

இவ்வளவு சொன்ன பிறகு, நான் நம்பிக்கை இழந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று காலை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு நின்றபோது, என் தொப்பியைப் பார்த்து ஒரு பெரியவர் "இன்னுமா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். பார்க்கிறேன் ஐயா. பார்க்காமல் எங்கே போவேன்? இன்று எதிரே நின்ற இதே ரேஞ்சர்ஸ் 2023 ஆகஸ்டில் எட்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றவர்கள்தான். அந்த வருடம் நவம்பர் 1 அன்று உலகத் தொடரை வென்றார்கள். அந்த இறுதியில் அவர்களிடம் தோற்ற அரிசோனா வெறும் 84 வெற்றியோடு கடைசி வைல்ட்கார்டாக வந்த அணி. ஹுவான் சோட்டோ இந்த சீசனில் 30-க்கு மேல் ஹோம் ரன் அடித்து, 30-க்கு மேல் பேஸ் திருடியிருக்கிறார் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). அலோன்சோ போன மாதம்தான் டேரில் ஸ்ட்ராபெரியின் 252-ஐத் தாண்டி, இந்த அணியின் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் ஆனார். இவர்களை வைத்துக்கொண்டு ஒருவர் நம்பாமல் இருந்தால் அதுதான் தவறு.

ஆனால் அந்த நம்பிக்கையை ஜயண்ட்ஸ் தோற்பதில் வைக்காதீர்கள். ரெட்ஸ் தோற்பதில் வைக்காதீர்கள். முன்பு போல் சமநிலைக்குத் தனியாக ஓர் ஆட்டம் இப்போது கிடையாது, நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் வென்றார்களோ அவர்கள் உள்ளே. ரெட்ஸிடம் நாம் ஆறில் நான்கு தோற்றிருக்கிறோம். அவர்களோடு சமமாக நின்றால் நாம்தான் வெளியே. ஜூலையில் சொந்த மைதானத்தில் அலட்சியமாகக் கோட்டைவிட்ட அந்த இரண்டு ஆட்டங்கள் எத்தனை கனமானவை என்று அப்போதுதான் தெரியும்.

அணியின் மேலாளர் கார்லோஸ் மெண்டோசா நாளை வீரர்களிடம் என்ன சொல்வாரோ தெரியாது. என்னைக் கேட்டால் புள்ளிப்பட்டியலை உடைமாற்றும் அறைக்குள்ளேயே விடக் கூடாது. "நாம் வெளியே இருக்கிறோம், பன்னிரண்டு ஆட்டங்களில் உள்ளே போக வேண்டும்" என்று சொல்ல வேண்டும். அதில் பொய்யும் இல்லை, இந்த 81 ஆட்டங்களும் அதைத்தான் சொல்கின்றன.

செவ்வாய்க்கிழமை சான் டியேகோ பாட்ரெஸ் வருகிறார்கள். அதன் பிறகு வாஷிங்டன், பிறகு சிகாகோ பயணம், பிறகு மயாமி. 22-ஆம் தேதி நவராத்திரி தொடங்குகிறது. மயாமியில் கடைசி ஆட்டம் நடக்கும் ஞாயிறன்று எங்கள் வீட்டில் கொலுவுக்கு ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள், சுண்டல் உண்டு.

மகள் இரவு தூங்கப் போகுமுன் ஸ்கேலை வைத்து நோட்டில் புதிதாகக் கட்டம் போட்டாள். பன்னிரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் போட்டாள். பதின்மூன்றாவது தாளைத் திருப்பிப் பார்த்தாள், அப்படியே மூடி வைத்துவிட்டாள்.