நோட்டைப் பார்த்தாரா, அதைச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் நடந்ததைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பத்தாவது படிக்கும் பையனுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு அம்மா கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உடனே ஒருவர் மெயின் ரோட்டு டியூஷன் சென்டரின் ஃபிளெக்ஸைப் படம் பிடித்துப் போட்டு, "ஒன்பதாவதில் 80க்கு மேல இருந்தாதான் எடுப்பாங்க, பையன் எவ்வளவு?" என்றார். அந்த அம்மா அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைப் பற்றி நான் சொன்னேன். "அவங்ககிட்ட எத்தனை சென்டம்?" என்று பதில் வந்தது. கூடவே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

80 வாங்குகிற பிள்ளையை 95 வாங்க வைப்பதும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் குளத்தில் இறக்கிவிட்டு, எங்களிடம் யாரும் மூழ்கியதில்லை என்று போர்டு வைத்தால் எப்படி?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த மாஸ்டர் பிள்ளையின் நோட்டைப் பார்த்தாரா?

என் பெண்ணுக்கு இயற்பியல் ஏறாது என்று முடிவே கட்டியிருந்தார்கள். முன்பு போன சென்டரில் சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி, பக்கத்தில் 'நன்றாக உழைக்கவும்'. ஒளியியல் பாடத்தில் லென்ஸ் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பொருளின் தூரத்துக்கு மைனஸ் குறிகூடச் சரியாகப் போடுவாள். குவியத் தூரம் 12 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 25 வந்து நிற்கும். இந்த டீச்சர் முதல் நாள் பாடமே எடுக்கவில்லை. பழைய நோட்டை நிதானமாகப் புரட்டினார். அதே கணக்கைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். 1/20-ஐயும் 1/30-ஐயும் கூட்டி இவள் 2/50 என்று எழுதியதும், "நில்லு" என்றார். "உனக்கு லென்ஸ் நல்லாத்தான் வருது. பின்னம்தான் உதைக்குது." ஆறாவதில் நடத்துகிற பின்னக் கூட்டல்! அத்தனை நாள் ஃபீஸ் வாங்கியவர்கள் யாரும் மூன்றாவது வரி வரைக்கும் படிக்கவே இல்லை.

எல்லோராலும் இப்படித் தனியாக டியூஷன் வைக்க முடியுமா என்பீர்கள். முடியாதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்க் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாவது கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்விகள் 14. வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16. இந்த முப்பதைத் தேய்த்துத் தேய்த்தே, கூட இன்னும் கொஞ்சம் சேர்த்து, பாஸ் மார்க் 35ஐத் தாண்ட வைத்துவிடலாம். அப்புறம்? பதினொன்றாவதில் கணக்கு குரூப் எடுத்து உட்காருகிற பிள்ளையின் நிலையை யோசித்தீர்களா? இன்ஜினியரிங் கட்ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. அங்கே போய் 2/50 என்று எழுதினால் ஃபிளெக்ஸ்காரர் வருவாரா?

ஸ்கூல் சாரிடமே அனுப்பலாமே என்று ஒரு அறிவுரை. கல்வி உரிமைச் சட்டம், 2009, 28வது பிரிவு. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. சட்டமெல்லாம் பேசுகிறாளே என்பீர்கள். பேசாமல் என்ன செய்ய? மிஸ் நடத்தும் டியூஷனுக்கு வராத பிள்ளையை வகுப்பில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எந்த அம்மாவுக்குத் தெரியாது?

இத்தனைக்கும் நான் கோபப்படவில்லை. குரூப்பில் கடைசியாக ஒருவர் போட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. "நீங்க பி.எஸ்சி. மேத்ஸ்தானே, வீட்லதானே இருக்கீங்க, நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே?" வீட்டில்தானே! காலை ஐந்து மணியிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். மாமியாருக்கு இன்சுலின் போடுவதும் வீட்டில்தான். நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் என் பெண் அழுவாள், பதினைந்தாவது நிமிடம் நான் கத்துவேன். தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

என் கணவர் பி.இ. மெக்கானிக்கல். அவரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை யாரும் கேட்கவில்லை.