பொது நீச்சல் குளத்தின் டிக்கெட் விலையை யார் முடிவு செய்வது?

பினாங்கில் எங்கள் பக்கத்தில் ஒரு பொது நீச்சல் குளம் வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலானோர் சொல்வது இதுதான்: "மாநகர் மன்றத்தை நம்பினால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் குளம் வரும். நிலத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் அவர்களே கட்டி, அவர்களே நடத்தி, சுத்தமாகவும் வைத்திருப்பார்கள்."

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கட்டுவதற்குத் தனியார் பணம் வருகிறதா, தாராளமாக வரட்டும். ஆனால் குளத்தை நடத்தும் செலவை வீட்டுக்காக நாம் மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரிதான் ஏற்க வேண்டும். டிக்கெட் விலையும் திறந்திருக்கும் நேரமும் மன்றத்தின் கையை விட்டுப் போகக்கூடாது.

குளம் என்றதும் நாம் கட்டுமானச் செலவை மட்டுமே யோசிக்கிறோம். பெரிய செலவு திறப்பு விழாவுக்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் இரண்டரை மில்லியன் லிட்டர் தண்ணீர் இருக்கும். அத்தனை தண்ணீரும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வடிகட்டி வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் பம்பு இரவும் பகலும் ஓடும். நம் ஊர் வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும்; மாலையில் ஒரு மழை பெய்தால் போட்ட மருந்தின் அளவே மாறிவிடும், மறுபடி சோதித்துச் சரி செய்ய வேண்டும். உயிர்காப்பாளர்கள் எந்நேரமும் நிற்க வேண்டும். குளத்தில் பத்துப் பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது.

இப்போது இதைத் தனியார் ஒருவர் ஏற்று நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் செலவுக்கு மேல் அவருக்கு லாபமும் வர வேண்டும். என்ன செய்வார்? டிக்கெட் விலையை ஏற்றுவார், உறுப்பினர் சந்தா கொண்டு வருவார், இல்லாவிட்டால் கூட்டம் வரும் நேரத்தில் குளத்தின் நீச்சல் பாதைகளை நீச்சல் பயிற்சி வகுப்புகளுக்கு வாடகைக்கு விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, சம்பளம் கொடுக்க வேண்டியவர் அப்படித்தான் கணக்குப் போட முடியும். ஆனால் விளைவு என்ன? தனியார் நடத்தும் ஒரு குளத்துக்கு என் மகளைச் சில காலம் கூட்டிப் போனேன். பள்ளி முடிந்து பிள்ளைகளும், வேலை முடிந்து பெற்றோரும் வரக்கூடிய மாலை நேரம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளுக்காகக் கயிறு கட்டியிருப்பார்கள். மிச்சம் கிடைக்கும் ஓரத்தில் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்போம். மூன்று பிள்ளைகளோடு வந்த ஓர் அக்கா கவுண்டரில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போனார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அந்தப் பிள்ளைகள் எங்கே நீந்தக் கற்றுக்கொள்வார்கள்? சொந்தக் குளம் உள்ள கொண்டோ அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளை லிஃப்டில் இறங்கிப் போய்க் கற்றுக்கொள்ளும். மலிவு விலை அடுக்குமாடிப் பிள்ளைக்கு ஆறும், அருவியும், பழைய ஈயச் சுரங்கக் குட்டையும், பத்து பிரிங்கி என்ற ஊரின் கடலும்தான். பள்ளி விடுமுறை வந்தால் எந்த மாநிலத்திலிருந்து என்ன செய்தி வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும்போது அதில் லாபம் வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நீந்தக் கற்றுக்கொடுப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம் பெண்கள். ஆண்கள் நடுவே தண்ணீரில் இறங்கக் கூச்சப்படும் தமிழ் அம்மாக்களும் மலாய் அம்மாக்களும் நம் சுற்றுவட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அவர்கள் வருவார்கள், கற்றுக்கொள்வார்கள், ஒரு பிள்ளை தவறி விழுந்தால் காப்பாற்றவும் தெரிந்திருக்கும். ஆனால் ஆரம்பத்தில் அந்த நேரத்தில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். லாபம் பார்ப்பவருக்கு அது நஷ்ட நேரம். மன்றம்தான் பொறுத்திருந்து நடத்த முடியும்.

"நம் சமூகமே பணம் திரட்டிக் கட்டலாமே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆசை நல்ல ஆசைதான். பினாங்கில் அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 1903இல் ஐரோப்பியர்கள் தங்களுக்கென்று பினாங்கு நீச்சல் கிளப்பைத் தொடங்கினார்கள். 1928இல் சீனச் சமூகம் தனக்கென்று ஒரு நீச்சல் கிளப்பை அமைத்துக்கொண்டது. இரண்டும் தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் தாத்தாக்களுக்கு இரண்டிலும் இடம் இல்லை. சமூகத்துக்கு ஒரு குளம் என்று போனால் பணம் உள்ளவர்களுக்குக் குளம் கிடைக்கும், மற்றவர்கள் வேலிக்கு வெளியே நிற்பார்கள். அதுவுமில்லாமல், கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கும் நம் மக்கள் கட்டடம் எழுப்பக் கொடுப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்காம் ஆண்டின் மின்கட்டணத்துக்கு மாதாமாதம் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

சரி, தனியாரும் மன்றமும் சேர்ந்து செய்தால்? பாயான் பாரு பக்கம் நடந்ததைப் பார்க்கலாம். பீசா என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த உள்ளரங்கையும் நீச்சல் வளாகத்தையும் புதுப்பித்து, பக்கத்தில் நிலத்தடி மாநாட்டு மண்டபம் கட்டும் பொறுப்பை மன்றம் எஸ்.பி. செத்தியா என்ற வீடு கட்டும் நிறுவனத்திடம் கொடுத்தது. அதுதான் இன்றைய ஸ்பைஸ். மன்றத்தின் கஜானாவிலிருந்து அதற்குப் பெரிய தொகை போகவில்லை. பதிலுக்கு அந்த நிறுவனத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான வீடுகள் கட்ட அனுமதி கிடைத்தது. மண்டபம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் வீடு என்றால் கூடுதல் கார், அதே சாலை, அதே சாக்கடை. அந்த விலை எந்த வரவு செலவுக் கணக்கிலும் வராது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் அதை நெரிசலில் கட்டுகிறார்கள். ஆகவே "மன்றத்துக்குச் செலவே இல்லை" என்று யாராவது சொன்னால், பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்று கட்டாயம் கேளுங்கள்.

மன்றம் நடத்தும் குளங்கள் மோசமாக இருக்கின்றன என்ற புகார் நியாயமானது. உடைந்த ஷவர், பூட்டிய கழிவறை, "பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுள்ளது" என்று மாதக் கணக்கில் தொங்கும் அறிவிப்பு, எல்லாம் நானும் பார்த்ததுதான். காரணம், பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கப்படுவதில்லை. பம்பு கெட்ட பிறகுதான் நிதி தேட ஆரம்பிக்கிறார்கள். நாம் குடியிருக்கும் கொண்டோக்களில் அப்படி விடுவதில்லை. அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2013இன்படி பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டைக் கூடுதலாகச் சேமநிதிக்குக் கட்டுகிறோம். லிஃப்ட் மாற்றுவது, சாயம் பூசுவது எல்லாம் அதிலிருந்துதான். பொதுக் குளத்துக்கும் இதே மாதிரி ஒரு நிதி வேண்டும், வேறு எதற்கும் கைவைக்க முடியாதபடி. தனியார் நிறுவனங்கள் அதில் பணம் போடட்டும். சுவரில் அவர்கள் பெயரைப் பெரிதாகவே எழுதுவோம். கூரையில் சூரிய மின்தகடு பொருத்தித் தரட்டும், அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தட்டும். நிலமும் டிக்கெட்டும் மட்டும் மன்றத்திடம் இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. 1951இல் மலாயாவிலேயே முதலில் நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் ஜார்ஜ் டவுன். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டவை, இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே குளம் விஷயத்தில் தவறான ஒப்பந்தம் போட்டால் அடுத்த தேர்தலில் கேட்டுக்கொள்ளலாம் என்ற வழி நமக்கு இல்லை. கையெழுத்தாவதற்கு முன்பே கேட்க வேண்டும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது: பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் உள்ளது. எத்தனை ஆண்டுக் குத்தகை, டிக்கெட் விலையை ஏற்ற யாருக்கு அதிகாரம், மாலை நேரத்தில் பொதுமக்களுக்கு எத்தனை பாதைகள், நிறுவனம் நொடித்துப் போனால் குளம் யாருடையது என்று எழுத்து மூலம் கேட்கலாம்.

விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். மலாயில் திருத்திக் கொடுக்க ஒருவர் வேண்டும், ஒப்பந்தம் படித்துப் பழகியவர் ஒருவர் வேண்டும். ஜெலுத்தோங், குளுகோர், பாயான் பாரு பக்கம் இருப்பவர்கள் தங்கள் அடுக்குமாடியில் எத்தனை பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது என்று விசாரித்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அதையும் விண்ணப்பத்தோடு இணைத்து மன்றத்துக்குக் கொடுக்கப்போகிறேன்.