தலதா மாளிகையிலிருந்து எத்தனை மீற்றர்னு கேக்காதீங்க, எந்தப் பக்கம்னு கேளுங்க

அந்த வீடியோவை இன்னும் ஷேர் பண்ணிக்கிட்டே இருக்கீங்க. கண்டியில புத்தரோட பல் இருக்கிற தலதா மாளிகையோட யானை ஊர்வலம்தான் பெரஹரா. அதோட கடைசி ரந்தோலி (பெரிய ஊர்வலம்) ராத்திரி, கண்டி டவுன், பன்னிரண்டு மணி தாண்டியாச்சு. இறக்கின ஷட்டர்ல சாஞ்சு, பேக்கை மடியில வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. கால்ல செருப்பு ஒண்ணுதான் இருக்கு. அதுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருக்கார்: "ரூம் எடுக்கத் தெரியாத தேயிலைத் தோட்டத்து ஆளுங்க எதுக்குப் பெரஹரா பார்க்க வரணும்?" அதுக்கு நம்ம ஆளுங்களே ஹார்ட் போட்டிருக்கீங்க. ரெண்டு நாளா எனக்கு அதுதான் நெஞ்சில நிக்குது.

அவங்க ரூம் எடுத்திருந்தாங்க. டவுனுக்குள்ளேயே எடுத்திருந்தாங்க. மாளிகையிலிருந்து முந்நூறு மீற்றர்தான். எல்லாரும் குடுக்கிற புத்தியைக் கேட்டுத்தான் எடுத்தாங்க: "கிட்டக்க எடு, நடந்தே வந்துரலாம்." தப்பு அந்தப் புத்தியிலதான் இருக்கு. பெரஹரா ராத்திரியில தூரம் முக்கியமில்லை, பக்கம்தான் முக்கியம்.

ஏன்னு சொல்றேன். பெரஹரா நேர்கோட்டுல போயிட்டு அப்படியே திரும்பி வர்ற ஊர்வலம் இல்லை. மாளிகையில கிளம்பி தலதா வீதி, யட்டிநுவர வீதி, டி.எஸ். சேனநாயக்க வீதின்னு டவுனைச் சுத்தி வளையமா வரும், ராஜ வீதியும் சேரும். நாளுக்கு நாள் பாதை மாறும், கடைசி நாட்கள்ல நீளும். முதல்ல அஞ்சு நாள் கும்பல் பெரஹரா, அது சின்னது. பிறகு அஞ்சு நாள் ரந்தோலி, அது மணிக்கணக்கா போகும். பின்னேரமே ரோட்டை மூடிருவாங்க. ஊர்வலம் தொடங்கின பிறகு குறுக்கே கடக்க பொலிஸ் விடாது, விடவும் கூடாது. யானைக்கு முன்னால பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால வளையத்துக்கு உள்ளே ரூம் எடுத்துட்டு வெளியே நின்னு பார்த்தா, முந்நூறு மீற்றர் கண்ணுக்கு முன்னாலயே கிடக்கும், கடைசி யானை போற வரைக்கும் அங்க போய்ச் சேர முடியாது. அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். மகன் பிள்ளைகளோட உள்ளே மாட்டிக்கிட்டார், அவங்க வெளியே. இதுல தோட்டம் எங்கே வந்தது?

கணக்கு இவ்வளவுதான்: தூங்குற பக்கத்துலயே நின்னு பாருங்க. சரணங்கர வீதி, ராஜபிஹில்ல மாவத்தைன்னு ஏரிக்கு மேல தங்கினா, தலதா வீதியில ஏரிப் பக்கத்து நடைபாதையில இடம் பிடிங்க. முடிஞ்சதும் ஏரிக்கரையோட நடந்து போயிரலாம், எந்த வீதியையும் கடக்க வேண்டியதில்லை. கட்டுக்கலை, ஸ்டேஷன் பக்கம் தங்கினா மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமா நில்லுங்க. மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டைப் பக்கம்னா டி.எஸ். சேனநாயக்க வீதியோட மேல் முனை. வளையத்துக்கு உள்ளே ரூம்னா உள்பக்க நடைபாதையை விட்டு எழும்பவே எழும்பாதீங்க. அன்னைக்கு எந்தப் பாதைன்னு காலையிலயே கேட்டுக்குங்க. நடைபாதையில ஓசி இடம் வேணும்னா பகல்லயே பாயோட போயிரணும், சாயந்திரம் போனா முதுகைத்தான் பார்க்கலாம்.

"அப்ப தலதா வீதியைப் பார்த்த ரூமா எடுத்தா ஜன்னல்லயே பார்க்கலாமே?" கேப்பீங்க. எடுங்க, காசு இருந்தா. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. பெரஹராவுக்கு வெளிச்சம் தீப்பந்தம். கம்பு முனையில இரும்புக் கூடை, அதுக்குள்ள எரியிறது கொப்பரா. பக்கத்துல ஒருத்தர் சாக்கோட நடந்து அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே வருவார். எண்ணெய்ப் புகை நேரா முதல் மாடி ஜன்னலுக்குத்தான் ஏறும், திரைச்சீலையில மறுநாளும் மணக்கும். வீசிங் உள்ள பிள்ளை இருந்தா முன்பக்க ரூமே வேண்டாம். ரெண்டாவது, அந்த பல்கனியையும் ஜன்னலையும் தனியா சீட்டுன்னு வெளியாட்களுக்கு விக்கிற இடங்கள் இருக்கு. ரூமுக்குக் காசு கட்டினவங்க கட்டில்ல உக்காந்து முன்னால நிக்கிறவங்க தலையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. "பல்கனி எங்களுக்கு மட்டும்தானா?"ன்னு கேட்டு, பதிலை மெசேஜ்ல வாங்குங்க. தூக்கம் வேணும்னா பின்பக்க ரூம்தான். கூட்டம் கலைஞ்சு விசில் சத்தம் அடங்கவே நேரமாகும், விடியக்காலை அஞ்சரைக்கு மாளிகையில தேவாவ (பூஜை) மேளம் தொடங்கிரும்.

தண்ணியை யாருமே கேக்கிறதில்லை. பழைய லொட்ஜ்கள்ல மொட்டை மாடியில ஆயிரம் லீற்றர் டேங்க் ஒண்ணு நிக்கும். பன்னிரண்டு ரூம், ரூமுக்கு நாலு பேர்னா நாற்பத்தெட்டுப் பேர். ராத்திரி ஒரு மணிக்கு எல்லாரும் ஒண்ணா வந்து கால் முகம் கழுவி ஆளுக்கு இருபது லீற்றர் ஊத்தினாலே டேங்க் காலி. காலையில கக்கூசுக்குத் தண்ணி இருக்காது. டேங்க் எத்தனை, மோட்டார் போட ராத்திரி ஆள் இருக்கான்னு கேளுங்க. அப்புறம் வாசல். சில லொட்ஜுக்கு ஏறுற படி கீழ்க்கடையோட ஷட்டருக்குள்ள இருக்கும். கடை பூட்டினா வழியும் பூட்டு. சாவி யார்கிட்ட, எத்தனை மணி வரைக்கும்? இது பெரிய கேள்வி.

ஏரிக்கு மேல தங்கச் சொல்றேன்ல, அதுலயும் குறை இருக்கு, ஒத்துக்கிறேன். அந்த ரோடெல்லாம் செங்குத்து. ரோட்டுல இருந்து ரூமுக்கு அறுபது படி, எழுபது படி இருக்கிற வீடுங்க இருக்கு. முழங்கால் வலி உள்ளவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா படியை எண்ணிச் சொல்லச் சொல்லுங்க. "கொஞ்சம்தான்"ங்கிற பதிலை நம்பாதீங்க. ஆட்டோவும் அந்த நேரத்துல ஏரிக்கரை வரைக்கும் வராது, வந்தாலும் பிக்மீ (வாடகை வண்டி ஆப்) விலைக்கு ஓட மாட்டாங்க. போகும்போதே ஒரு ஆட்டோ அண்ணன்கிட்ட விலை பேசி, மூடாத ரோட்டுல ஒரு இடம் சொல்லி, நம்பர் வாங்கி வச்சிருங்க.

இது பெரஹரா காலத்துக்கு. மத்த நாள்ல டவுனுக்குள்ள எடுக்கிறதுல தப்பே இல்லை. கண்டி சீக்கிரம் அடங்குற ஊர். எட்டு மணிக்கு மேல பெரும்பாலான கடை பூட்டிரும். தலதா வீதிப் பக்கம் ஒண்ணு ரெண்டு பப் இருக்கு, போயாவுக்கு (பௌர்ணமி நாளுக்கு) அங்கேயும் ஊத்த மாட்டாங்க.

"லொட்ஜ்காரங்களுக்கும் வருஷத்துல பத்து நாள்தான் பிழைப்பு"ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. பிழைக்கட்டும், விலை கூடட்டும், அதை முதல்லயே சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டையர்ட் வாத்தியார் போன்ல பேசி அட்வான்ஸ் அனுப்பிட்டுப் போனார். வாசல்ல நின்னப்ப, "அது ரூமுக்கு இல்லை சேர், ஆளுக்கு"ன்னு சொன்னாங்களாம். நாலு மடங்கு. ரோடு மூடியாச்சு, கையில பேரப்பிள்ளை, எங்கே போவார்? கட்டினார். அதனால தேதி, ரூம் நம்பர், ரூமுக்கா ஆளுக்கா, சேர்விஸ் சார்ஜும் வரியும் சேர்த்தா இல்லையா, நாலையும் எழுத்துல வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா அந்த இடம் வேண்டாம். எழுதிக் கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு நம்ம ஆளுங்க பயப்படுறாங்க. காசு குடுக்கிறவங்க ஏன் பயப்படணும்?

"எதுக்குப் பெரஹரா பார்க்க வரணும்?"ங்கிற கேள்விக்கு இப்ப வர்றேன். முதல்ல பதில் சொல்லாம விட்டுரலாம்னுதான் இருந்தேன், முடியலை. மாளிகை ஊர்வலத்துக்குப் பின்னால வர்ற தேவாலய (தெய்வங்களோட கோயில்) ஊர்வலங்களை எண்ணிப் பாருங்க: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காமத்து ஊர்வலத்துல காவடி ஆடிக்கிட்டு வருவாங்க. அது யாரோட சாமி? பத்தினி தெய்வம் யாரு? நம்ம கண்ணகி. தலதா ஊர்வலத்தை இந்தத் தேவாலய ஊர்வலங்களோட சேர்த்து இன்னைக்கு நாம பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்துல, 1747க்கும் 1782க்கும் இடையில. அவர் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம். நீங்க சுத்தி நின்னு செல்ஃபி எடுக்கிற ஏரியை வெட்டின ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அதே வம்சம்தான். அந்த அம்மா கதிர்காமத்து யானை வரும்போது கையெடுத்துக் கும்பிடத்தான் வந்திருக்காங்க. பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) போய், கொழுந்து எடுத்து, சீட்டுப் பிடிச்சுச் சேர்த்த காசுல வந்திருக்காங்க. அவங்களுக்கு வழி சொல்ல ஒருத்தர் இல்லை, வீடியோ எடுக்க மட்டும் ஆள் இருந்திருக்கு. எடுத்தவர் போனைப் பையில போட்டுட்டு ஒரு போத்தல் தண்ணி வாங்கிக் குடுத்தாரா? வீடியோவுல அது இல்லை.

"ஓவரா உணர்ச்சிவசப்படுறீங்க"ன்னு வருவீங்க. ஆமா, படுறேன். கொழும்புல இருந்து வந்த ஒருத்தர் அதே மாதிரி மாட்டிக்கிட்டா "ஏற்பாடு சரியில்லை"ன்னு எழுதுறீங்க. தோட்டப் பக்கம் ஹட்டன்ல இருந்து வந்தா "தெரியாத ஆளுங்க"ன்னு எழுதுறீங்க.

அடுத்த பெரஹராவுக்கு ரூம் பார்க்கிறவங்க கீழே நாளையும், எத்தனை பேர், வயசானவங்க இருக்காங்களா, படி ஏற முடியுமாங்கிறதையும் போடுங்க. எந்தப் பக்கம் சரிவரும், எங்கே நிக்கணும்னு ஒவ்வொருத்தருக்கும் எழுதுறேன். போன் நம்பரைக் கமெண்ட்ல போடாதீங்க, இன்பொக்ஸ்ல அனுப்புங்க. அந்த வீடியோவை உங்க பக்கத்துல இருந்து இன்னைக்கே எடுத்துருங்க.