மாத்திரை இருக்கட்டும், ஏன் வந்துச்சுன்னு பாத்தீங்களா?

போன வாரம் நைட்டு பதினோரு மணிக்கு ஒரு ஃப்ரெண்ட் போன் பண்ணான். ஆபீஸ், பசங்க படிப்பு, முதுகு வலின்னு எங்கெங்கயோ சுத்திட்டு கடைசியா மெதுவா கேட்டான், "மச்சி, அந்த மாத்திரை அம்பதா நூறா, எதுடா போடணும்?" விறைப்பு வரலன்னா போடுற சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையத்தான் கேட்டான். எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி இதே கேள்விய இதே மாதிரி சுத்தி வளைச்சு நான் இன்னொருத்தன்கிட்ட கேட்டவன். அவன் சொன்னான், வாங்கி போட்டேன், வேலையும் செஞ்சுது. அங்கதான் வினையே, வேலை செஞ்சதால இது எதனால வந்துச்சுன்னு முழுசா ஒரு வருஷம் நான் யோசிக்கவே இல்ல.

மொதல்ல இந்த 'ஆண்மைக்குறைவு'ங்கற பேரே எனக்கு பிடிக்காது. காது கேக்கலன்னா காதுல பிரச்சனைன்னு சொல்றோம், இதுக்கு மட்டும் ஆளையே குறைச்சு சொல்றோம், அப்புறம் எவன் வாயத் தொறப்பான்? இங்கிலீஷ்ல இருந்த 'இம்பொடன்ஸ்'ங்கற பழைய வார்த்தையையும் 1992ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் மாநாட்டுல வேணாம்னு சொல்லி, விறைப்புச் செயலிழப்புங்கற அர்த்தத்துல மாத்தச் சொல்லிட்டாங்க. நாம இன்னும் பழசையே சொமந்துட்டு இருக்கோம்.

நான் மொதல்ல பாத்த டாக்டர் ரெண்டு நிமிஷம் கூட எடுத்துக்கல. வயசு கேட்டாரு, டென்ஷனான்னு கேட்டாரு, நானும் ஆமான்னேன் (எவனுக்கு டென்ஷன் இல்ல?), சீட்டு கிழிச்சு குடுத்துட்டாரு. ரெண்டாவதா பாத்த டாக்டர் பேனாவையே எடுக்கல. எப்பலேர்ந்து, ஒரு நாள் திடீர்னு நின்னுச்சா இல்ல கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுதா, எப்பவுமே இப்படியா இல்ல சில நேரம் மட்டுமா, தனியா இருக்கும்போது எப்படி, காலைல முழிக்கும்போது இருக்கா? இந்த கடைசி கேள்விக்கு எனக்கு பதிலே தெரியல. கவனிச்சதே இல்ல.

ஏன் அத கேக்குறாங்கன்னா, நல்லா இருக்குற ஆம்பளைக்கு தூக்கத்துல, கனவு வர்ற கட்டத்துல, ராத்திரிக்கு மூணுலேர்ந்து அஞ்சு தடவை தானா விறைப்பு வரும், அப்ப ஆசையும் இல்ல பயமும் இல்ல, உடம்பு அதுபாட்டுக்கு பண்ற வேலை. அது சரியா வருது, ஆனா துணையோட இருக்கும்போது மட்டும் வரல, அதுவும் திடீர்னு ஆரம்பிச்சுதுன்னா ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், மனசப் பாக்கணும். மாசக்கணக்குல மெதுவா கொறஞ்சு காலைலயும் காணோம்னா உடம்பப் பாக்கணும். இதுவும் கோடு போட்ட மாதிரி பிரியாது, மன அழுத்தம் அதிகமானாலும் தூக்கம் கெட்டாலும் காலைல வர்றது கொறையும். நிறைய பேருக்கு ரெண்டும் கலந்துதான் இருக்கும், உடம்புல ஆரம்பிச்சு ரெண்டு தடவை சொதப்பினதும் பயம் வந்து ஒட்டிக்கும், பயந்தா ஊறுற அட்ரினலின் இருக்குற ரத்த ஓட்டத்தையும் சுருக்கிவிடும்.

ஒரு காலத்துல டாக்டர்களே எல்லாம் மனசுதான்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1983ல லாஸ் வேகாஸ் மாநாட்டுல ஜைல்ஸ் பிரிண்ட்லின்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி தசைய தளர்த்துற ஊசிய தனக்குத் தானே போட்டுக்கிட்டு மேடையில பேண்ட்டையே இறக்கி காட்டிட்டாரு, ஆசையெல்லாம் வேணாம்யா, தசை தளர்ந்து ரத்தம் உள்ள போனா போதும்னு நிரூபிக்க. சபை நாகரிகம் எப்படியோ போகட்டும், விஷயம் புரிஞ்சுதுல்ல?

என் கதைக்கு வர்றேன். அந்த டாக்டர் அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசுது, அவ ஏதாவது குறை சொல்லிடுவாளோன்னு தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "இவரு நைட்ல நாலு தடவை எந்திரிச்சு பாத்ரூம் போறாரு டாக்டர், தண்ணி பாட்டில் பக்கத்துலயே வச்சிருக்காரு, கேட்டா வெயில்ங்கறாரு." டாக்டர் அப்பத்தான் பேனாவ எடுத்தாரு. மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 9.4 சதவீதம் வந்துச்சு, ஆறரையத் தொட்டாலே சர்க்கரை நோய்ங்கற இடத்துல. ஒரு வருஷமா மாத்திரையால நான் மூடி வச்சிருந்தது அதத்தான்.

எடுக்க வேண்டிய டெஸ்ட்டுன்னு பாத்தா சுகர், பிரஷர், கொழுப்பு, தேவைப்பட்டா தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டீரோன்னு ஹார்மோன்கள், அவ்வளவுதான் பெரும்பாலும். டெஸ்டோஸ்டீரோன காலைலதான் பாக்கணும், சாயங்காலம் குடுத்தா தானாவே கம்மியா காட்டும், 300 ng/dLக்கு கீழ வந்தாலும் இன்னொரு நாள் காலைல திரும்ப பாத்துட்டுதான் முடிவு பண்ணணும், ஒத்த ரிப்போர்ட்ட வச்சு ஹார்மோன் ஊசி போட்டுக்குற ஆளுங்கள பாத்தா பயமா இருக்கு. ஊசி போட்டு ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எல்லாருக்கும் தேவையே இல்ல. அதவிட நீங்க தினமும் போடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல அள்ளிட்டு போங்க, சில பிரஷர் மாத்திரை, மன அழுத்த மாத்திரை, முடி கொட்டாம இருக்க போடுற ஃபினாஸ்டெரைடு இதெல்லாமே காரணமா இருக்கலாம். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. சிகரெட், தண்ணி பழக்கத்தையும் மறைக்காம சொல்லுங்க.

என்னைய ஈ.சி.ஜி., ட்ரெட்மில்லுக்கும் அனுப்புனாரு. இதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சார்னு கேட்டேன். ஆணுறுப்புக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான், இதயத்துக்கு போறது மூணு நாலு மில்லிமீட்டர், அடைப்பு மொதல்ல சின்னதுலதானே தெரியும்னாரு. நிறைய பேருக்கு நெஞ்சு வலி வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே இது வந்துடுதாம். எனக்கு இதயம் நல்லா இருந்துச்சு. ஆனா நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரை போடுறவங்க சில்டெனாஃபில் மாதிரி விறைப்பு மாத்திரைய தொடவே கூடாது, பிரஷர் ஒரேயடியா இறங்கி உயிருக்கே ஆபத்து. மூலிகைதானேன்னு வாங்குற கேப்சூல்லயும் இதே சில்டெனாஃபில ரகசியமா கலந்து வித்தத அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எத்தனையோ தடவை பிடிச்சிருக்கு, அதனால அதையும் நம்பி முழுங்காதீங்க.

ஃப்ரெண்ட்கிட்ட நான் மில்லிகிராம் சொல்லல. "காலைல எப்படிடா இருக்கு?"ன்னு கேட்டேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனைக்கிற அளவுக்கு அமைதி. அப்புறம், "கவனிக்கலடா." சுகர் எப்ப பாத்தன்னு கேட்டேன், கல்யாணத்துக்கு முன்னாடியாம். நாளைக்கே போறேன்னான். நேத்து கேட்டா இன்னும் லீவு கிடைக்கலயாம்.