ஏப்ரலில் நாய்க்குக் கயிறு வேண்டாமா?

நார்வேயில் மலையில் யாரும் எங்கும் போகலாம் என்ற உரிமை இருக்கிறது, அதனால் பனி உருகும்வரை பனிச்சறுக்குக்கு நாயை அவிழ்த்துவிட்டே கூட்டிப்போகலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். முதல் பாதி சரி. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அந்த உரிமை மனிதர்களுக்கானது. நாய்க்குத் தனிச் சட்டம், 2003-இல் வந்தது. அதன் 6-ஆம் பிரிவுப்படி ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். பனி கிடக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை.

குழப்பம் வருவது இயல்புதான். வடநார்வேயில் டிரோம்சோ நகரப் பக்கம் ஏப்ரலில் இன்னும் இடுப்பளவு பனி. பார்த்தால் நடுக்குளிர்காலம் மாதிரியே இருக்கும். ஆனால் சினையாக இருக்கும் பனிமான்கள் அதே பனியைக் குளம்பால் தோண்டித்தான் மேய்கின்றன, மே மாதம் கன்று போடும். அந்த நேரத்தில் ஒரு நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் போதும், அவற்றுக்கு ஆபத்து.

ஏறும்போது இடுப்புப் பட்டையில் மீள்கயிறு மாட்டினால் நாயே இழுத்துக்கொண்டு போகும். இறங்கும்போதுதான் தொல்லை: பலகையின் எஃகு விளிம்பு நாயின் காலைக் கிழித்துவிடும். அதற்காக விலக்கு கிடையாது, சரிவு குறைந்த பாதையைத்தான் தேட வேண்டும்.

சந்தேகமிருந்தால் நார்வேச் சட்டங்களை வெளியிடும் லோவ்டாட்டா தளத்தில் நாய்ச் சட்டத்தைத் திறந்து 6-ஆம் பிரிவைப் பாருங்கள். நார்வேஜிய மொழிதான், கைபேசி மொழிபெயர்ப்பே போதும். உள்ளூர் நகராட்சி கூடுதலாக விதி போட்டிருக்கலாம், அதையும் அவர்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.