தானே யோசித்து எழுதியவரும் அத்துமீறியவரா?

மென்பொருள் காப்புரிமை (பேடன்ட்) பற்றிப் பேச்செடுத்தாலே பெரிய கம்பெனியா சின்ன கம்பெனியா என்று சண்டை திசைமாறிப் போய்விடுகிறது. என்னை உறுத்துவது வேறு. ஒருவர் எதையும் பார்த்து எழுதாமல், தானே மண்டையை உடைத்துக்கொண்டு கோட் எழுதியிருந்தாலும், அதே யோசனைக்கு இன்னொருவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் இவர் அத்துமீறியவர்தான். பதிப்புரிமையில் (காப்பிரைட்) இந்த அநியாயம் கிடையாது, அங்கே நகலெடுத்தால்தான் தப்பு.

ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்ட பல பேர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்வது கோட் எழுதும் எங்கள் வேலையில் சர்வசாதாரணம். ஜிஃப் படங்களின் கோப்பு அளவைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 ஜூன் 1 அன்று ஐபிஎம்மின் மில்லரும் வெக்மனும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள், அதே மாதம் 20ஆம் தேதி டெர்ரி வெல்ச் விண்ணப்பிக்கிறார். கிட்டத்தட்ட ஒரே அல்காரிதம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வெல்ச்சுக்கு 1985இல் கொடுத்தது, ஐபிஎம்முக்கும் 1989இல் கொடுத்தது! புதுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்களே ஒன்றை இரண்டு முறை புதுசு என்று சொன்னால் அந்தச் சோதனைக்கு என்ன மரியாதை? அப்புறம் 1994 கடைசியில், வெல்ச்சின் காப்புரிமையை வைத்திருந்த யுனிசிஸ் ஜிஃப் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கேட்க, அதிலிருந்து தப்பிக்கத்தான் பிஎன்ஜி என்ற வேறொரு பட வடிவத்தை உருவாக்கினார்கள்.

எல்இசட்டபிள்யூ உண்மையிலேயே நல்ல மூளை வேலை, அதை மறுக்கவில்லை. தகவலை ரகசியமாக்கி அனுப்பும் ஆர்எஸ்ஏ குறியாக்க முறையும் அப்படித்தான். 1977இல் எம்ஐடியில் மூன்று பேர் கண்டுபிடித்ததை, பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே கண்டுபிடித்திருந்தார், அது வெளியே தெரிந்தது 1997இல். அவ்வளவு கடினமான கணக்கிலேயே இப்படி நடக்கிறது என்றால் சாதாரண வெப் வேலையில் கேட்கவே வேண்டாம்.

ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் அமேசானின் ஒன்-கிளிக்கில் என்ன இருக்கிறது? பிரவுசரில் ஒரு குக்கி (தளம் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு), அதில் ஓர் அடையாள எண், அதை வைத்து சர்வர் ஏற்கெனவே சேமித்த முகவரியையும் கார்டையும் எடுத்து ஆர்டர் போட்டுவிடும். லாகின் பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு இது தானாகத் தோன்றும். இதற்கு 1999இல் காப்புரிமை, அதே ஆண்டு டிசம்பரில் போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்கு நீதிமன்றத் தடை. அவர்கள் வேண்டுமென்றே கூடுதலாக ஒரு கிளிக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2001இல் மேல்முறையீட்டில் தடை நீங்கியது, ஆனால் காப்புரிமை 2017 வரை உயிரோடிருந்தது.

"காப்புரிமையால் கண்டுபிடிப்பு வெளியே வருகிறது, மற்றவர்கள் படித்துக் கற்கலாம்" என்பார்கள். யார் படிக்கிறார்கள்? அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் நஷ்டஈடு மூன்று மடங்கு வரை போகலாம் என்பதால், படிக்கவே வேண்டாம் என்றுதான் பல வக்கீல்கள் பொறியாளர்களிடம் சொல்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்பு நல்லதுதான். வெறும் கருத்தளவிலான யோசனையோடு சாதாரணக் கணினியைச் சேர்த்தால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்றது. ஆனால் தானே கண்டுபிடித்தவரின் பிரச்சினையை அது தொடவே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பார்த்து எழுதினார் என்பதை வழக்குப் போடுகிறவர் நிரூபிக்கட்டும், முடியாவிட்டால் எழுதியவரை விட்டுவிடுங்கள். யார் எப்போது எந்த வரியை எழுதினார் என்று கமிட் வரலாறு (கோடில் செய்த மாற்றங்களின் பதிவேடு) தேதியோடு காட்டுகிற தொழிலில் இது நடக்காத காரியமா என்ன?