ஓய்வுபெறும் நூலகர் சாவியோடு எதை ஒப்படைக்கிறார்?

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு மூத்த நூலகர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். சால்வை போர்த்தினோம், படம் எடுத்துக்கொண்டோம். அவருடைய இடத்துக்கு வர வேண்டியவர் இன்னும் வரவில்லை. வரும் நாளில் சாவிக்கொத்தும் இருப்புப் பதிவேடும் அவர் கைக்குப் போய்ச் சேரும். ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்த அடுக்குகளுக்கு இடையே நடந்தவர் அறிந்ததில் ஒன்றுகூடப் போய்ச் சேராது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நூலகவியல் பட்டம் பெற்று, காரைக்குடிக்கு அருகில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் சேர்ந்த புதிதில், ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு நூல்களை மூன்று டிரங்குப் பெட்டிகளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆசிரியர் பெயருக்கு முன்னிருந்த தலைப்பெழுத்துகள் நீளமாக இருந்ததால், அவற்றை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அட்டைகளில் எழுதினேன். நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதையும், ஒரே பெயர் பல வீடுகளில் திரும்பத் திரும்ப வரும்போது ஆளை அடையாளம் காட்டுவது விலாசம் எனப்படும் அந்தத் தலைப்பெழுத்துகள்தான் என்பதையும் எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தாத்தா எழுதியதும் பேரன் எழுதியதும் என் பட்டியலில் ஒரே ஆளின் நூல்களாயின. பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த நூலகர் அட்டைப் பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, விலாசத்தை விட்டுட்டா இது யாரு வீட்டுப் புத்தகம்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. அன்று மாலை என்னோடு உட்கார்ந்து பாதி அட்டைகளை அவரே திருத்தி எழுதினார்.

அவரிடம்தான் பழைய நூலின் முகப்பைப் படிக்கக் கற்றேன். 'துன்மதி வருஷம் தை மாதம்' என்று அச்சிட்டிருந்தால் அது 1922ஆ, 1862ஆ என்று முடிவு செய்ய வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். துன்மதி பிறந்தது 1921 சித்திரையில் என்பதால், தை மாதத்துக்கு 1921 என்று எழுதினால் அதுவும் பிழை. அவர் அச்சகத்தின் பெயரைப் பார்ப்பார், தாளைத் தடவிப் பார்ப்பார், பின்னட்டை விளம்பரத்தையும் படிப்பார், அதன் பிறகே பென்சிலை எடுப்பார். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு சென்னைக்குச் சென்று ஆய்வு நூலகமாயின. அப்படிப்பட்ட பெட்டிகள் இங்குள்ள வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கப்போகும் இளைஞர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்?

நம் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனும் இப்படித்தான் உருவானார். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அந்த வேலை அவருக்குச் சலிப்பையே தந்தது. லண்டனில் படிக்கப் போன இடத்தில், கிராய்டன் நூலகத்தின் தலைமை நூலகராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். வகுப்பறையோடு நிறுத்தாமல் நூலகங்கள் நடக்கும் விதத்தை நேரில் பார்த்துப் படித்த பிறகே அவர் மனம் இத்தொழிலில் நிலைத்தது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியவருக்கே கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் தேவைப்பட்டார் என்றால், ஒற்றை ஆளாகக் கிளை நூலகத்தைத் திறந்து மூடும் பெண்ணுக்குத் தேவைப்படாதா?

பயிற்சி முகாம்கள்தான் நடக்கின்றனவே என்பார்கள். நடக்கட்டும், மென்பொருள் கற்க அவை உதவும். ஆனால் அறுபது பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில் 'நான் இந்தத் தவறைச் செய்துவிட்டேன்' என்று எவரும் எழுந்து சொல்லமாட்டார். மேலதிகாரியிடமும் சொல்ல முடியாது, ஏனெனில் பணிக்குறிப்பு எழுதுபவர் அவர். ஆகவே வழிகாட்டுபவர் வேறு நூலகத்தைச் சேர்ந்தவராக இருப்பதே நல்லது. இதைத் தனிப்பட்டவர்களின் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல், மாதம் ஒரு நாளைப் பணிநேரத்திலேயே ஒதுக்க வேண்டும். ஓய்வுபெறுபவரும் புதியவரும் ஒரு மாதமாவது சேர்ந்து பணியாற்றும்படி நியமனத்தை முன்கூட்டியே முடிக்க வேண்டும்.

அதுவரை, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் எந்தச் சனிக்கிழமையும் என் நூலகத்துக்கு வரலாம். வகைப்படுத்த முடியாமல் ஒதுக்கி வைத்திருக்கும் நூல்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.